மூக்குக் கண்ணாடியும் ஓர் அம்பும்

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஆலிம்சா ஒருவர் கிதாபு வாசித்துப் பொருள் சொல்வார். பெரியவர்களுக்கான மஜ்லிஸ் அது. வாப்பாவின் சாரனைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் குந்தியிருக்கும் சிறுவர்களை யாரும் விரட்டுவதில்லை. ஒருநாள் இமாம் நவவியின் மின்ஹாஜிலிருந்து வேட்டையும் அறுப்பும் பற்றிய பாடம். கண்பார்வை அற்றவன் கையால் அறுத்தால் மக்றூஹ்தான், ஆனாலும் இறைச்சி ஆகும். அவனே அம்பெய்தோ நாயை ஏவியோ வேட்டையாடினால் ஆகாது, அதுவே சரியான சொல் என்றார் ஆலிம்சா. காரணமும் சொன்னார். அறுப்பவன் தடவிப் பார்த்துக் கழுத்தை அறிந்துகொள்வான். தூரத்தில் நிற்பதை நாடுவதற்குக் கண் வேண்டும். காணாததை எப்படி நாடுவது?

கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப கண்ணாடி போட்டவன்ட கத என்ன ஆலிம்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். "கண்ணாடி மூக்குல இரிக்கிற வரைக்கும் பிரச்சின இல்ல" என்று ஆலிம்சாவும் சிரித்தார். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை.

1974ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. கரும்பலகை தெரியவில்லை என்று கண்டுபிடித்து எனக்கு மூக்குக் கண்ணாடி போட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. எங்கள் வகுப்பிலேயே கண்ணாடி போட்டவன் நான் ஒருவன்தான். வீட்டில் உம்மாவுக்குக் கவலை. வாப்பாவுக்கோ அது ஒருவகை மானக்கேடு. அவர் ஊரறிந்த வேட்டைக்காரர். வட்டையில் பன்றிக் காவலுக்கென்று லைசன்ஸ் எடுத்த துவக்கு ஒன்று இருந்தது. பன்றிக் காவலுக்குப் போனவர் சில வேளை மரையோடு வருவார். அம்பாறைக் காடு எங்கள் வயல்களின் முதுகில் தொடங்கிய காலம் அது. இன்று சட்டம் அதற்கு இடம் தராது, அதுதான் சரியும். நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

காக்காவைப் பதின்மூன்று வயதிலேயே காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார் வாப்பா. எனக்குப் பதின்மூன்று வயதானபோது நானும் கேட்டேன்.

"ஒண்ட கண்ணாடி நிலவுல மின்னும் மகன். மான் ஓடிரும்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

1979இல் ஒரு விடியற்காலை, வாப்பா குளக்கட்டுக்கு அப்பால் மரை என்று சுட்டது அடுத்த வட்டைக்காரரின் எருமைக் கன்று. ஊரில் அது சில நாள் சிரிப்பாகவும் சில நாள் வழக்காகவும் இருந்தது. வாப்பா பணத்தைக் கொடுத்தார். "இருட்டு, தெரியாமச் சுட்டுட்டன்" என்று எல்லோருக்கும் சொன்னார். துவக்கைத் துடைத்து எண்ணெய் பூசி உறையில் போட்டு வளையில் தொங்கவிட்டார். மீண்டும் அதை இறக்கியது, எண்பதுகளின் குழப்பத்தில் பொலிஸில் கையளிப்பதற்காகத்தான். அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்ததை நாங்கள் அப்போது அறியவில்லை. கண்ணாடி போடச் சொன்னால் போட்டிருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

நான் கனடாவுக்குப் போனது 1991இல். ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. என்னோடு வேலை செய்த மூத்த வெள்ளைக்காரர் ஒருவர் இலையுதிர் காலம் வந்தால் வாரக் கடைசியில் வில்லோடு காட்டுக்குப் போய்விடுவார். துவக்கில்லை, வில். அங்கே வெள்ளைவால் மான் வேட்டைக்கென்று தனியே வில் பருவம் உண்டு. மாகாணத்தின் தெற்கில் பல பகுதிகளில் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை அது நீளும். வேட்டைக் கல்வி வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ணி, அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்னும் மறைந்ததற்கு அரை மணி நேரம் பின்னும் என்று நேரக்கணக்கு உண்டு.

ஹலால் இறைச்சிக் கடைகள் நிறைந்த நாட்டில் எனக்கு வேட்டை எதற்கு என்று மனைவி கேட்டாள். மின்ஹாஜில் வேட்டைப் பாடம் அம்பைச் சுற்றித்தான் இருக்கிறது, அதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்றேன். அது பாதி உண்மை. நாற்பதை எட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதனுக்குள் "கண்ணாடி மின்னும்" என்று சொல்லப்பட்ட பையன் ஒருவன் இன்னும் குந்தியிருந்தான் என்பது மீதிப் பாதி.

2003இல் சோதனை பாஸ் பண்ணினேன். நண்பரே பழைய வில்லொன்றைத் தந்தார். நம் பாடப்புத்தகப் படங்களில் இராமரும் அருச்சுனனும் வைத்திருக்கும் வில் அல்ல. இரு முனையிலும் உருளைகள் பூட்டிய கொம்பவுண்ட் வில். மிசூரியைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன் என்பவர் 1969இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு. முழுதாக இழுத்து முடித்ததும் உருளை திரும்பி, பாரத்தில் பெரும்பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். அதனால் நின்று நிதானித்துக் குறிபார்க்கலாம். நாணில் கண்ணுக்கு நேரே சிறு துளையுள்ள வளையம் ஒன்று கட்டியிருக்கும், பீப் என்பார்கள். வில்லின் உடலில் ஒளிரும் குண்டூசி முனைகள் இருக்கும், அவை பின். துளைக்குள்ளால் பின்னைப் பார்த்து, பின்னை மானின் மேல் வைக்க வேண்டும். துளை, பின், மான், மூன்றும் ஒரே கோட்டில்.

அந்தக் கோட்டில் நான்காவதாக என் கண்ணாடி.

கண்ணாடிக்காரன் வில்லெடுத்தால் என்ன நடக்கும் என்பதை வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. வலக்கைக்காரன் இலக்குக்குத் தன் இடத் தோளைக் காட்டி நின்று, முகத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறான். முகம் முழுதாகத் திரும்பாது. மீதித் தூரத்தைக் கண் திரும்பி ஈடுசெய்யும். ஆகவே வலக் கண் பார்ப்பது கண்ணாடி வில்லையின் நடுவால் அல்ல, மூக்கை ஒட்டிய மூலையால். கண் டொக்டர் அளந்து தந்த பார்வை முழுமையாக இருப்பது வில்லையின் நடுவில். என்னுடையதோ மைனஸ் 6.50. அந்தப் பலத்தில் வில்லையின் ஓரம் தடிப்பானது. ஓரத்தால் பார்த்தால் உருவம் நீண்டு, விளிம்பில் நிறம் பிரிந்து தெரியும். இன்னும் கொஞ்சம் முகம் குனிந்தால் சட்டமே பார்வையை மறைக்கும். நாணை இழுத்துக் கன்னத்தில் பதிக்கும்போது அது கண்ணாடியைத் தட்டிச் சரிக்கும். சரிந்த கண்ணாடியால் பார்க்கும் உலகம் வேறு உலகம்.

இதற்கெல்லாம் சிறு சிறு கைமருந்துகள் உண்டு. கால்களை இலக்கை நோக்கிச் சற்றுத் திறந்து நிற்கலாம்; முகம் அதிகம் திரும்பும். அகன்ற வில்லையும் மூக்கில் உயர்ந்து நிற்கும் மெல்லிய சட்டமும் தெரிவு செய்யலாம். பின்னால் ஒரு பட்டி கட்டினால் சரியாது. ஒளி தெறிக்காத பூச்சு பூசிய வில்லை வாங்கலாம். அதை வாங்கும்போது வாப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது வெறும் சாட்டு அல்ல. கண்ணாடி மெய்யாகவே மின்னும், மானும் மெய்யாகவே ஓடும்.

எந்தக் கண்ணால் குறிபார்ப்பது என்பது இன்னொரு கதை. வலக்கை இடக்கை போலக் கண்ணிலும் ஒன்று மற்றதை ஆளும். இரண்டு கையையும் நீட்டி, விரல்களால் சின்ன ஓட்டை வைத்து, தூரத்துப் பொருளொன்றை அதற்குள் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள் நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். எனக்கு வலது. அது ஒரு பாக்கியம். கை ஒன்றும் கண் ஒன்றுமாக அமைந்தவர்கள் மற்றக் கையால் வில் பிடிக்கப் பழக வேண்டும், அல்லது ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடம் பழகினேன். வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் கட்டில் ஒட்டிய கடதாசி மானை இருபது மீற்றரிலிருந்து தவறாமல் தொட்டேன். கடதாசி மானுக்கு வயிறும் நெஞ்சும் வெறும் கோடுகள்தான்.

2006 நவம்பர். சூரியன் மறையும் நேரம். மரத்தில் கட்டிய பரணில் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தேன். நடந்து வந்தபோது வேர்த்த உடம்பு குளிரில் உறைந்துகொண்டிருந்தது. கழுத்துத் துணியை மூக்குக்கு மேலே இழுத்து விட்டிருந்தேன். இது நான் செய்த முதல் பிழை. மூக்கை மூடினால் சூடான மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில்தான் படியும்.

இருபத்தைந்து மீற்றரில் பெண் மான் ஒன்று வந்து பக்கவாட்டில் நின்றது. இழுத்தேன். அடக்கி வைத்திருந்த மூச்சு மெல்ல வெளியேறியது. வில்லையின் கீழ்ப்பாதியிலிருந்து வெள்ளைப் புகார் எழும்பியது. பின்னின் பச்சைப் புள்ளி தெரிந்தது. அதற்கு அப்பால் மான் இருந்த இடத்தில் ஒரு மண்ணிற நிழல். தோள் எது, வயிறு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிழல். வில்லைத் தளர்த்தியிருக்கலாம். மூன்று வருடம் காத்திருந்தவன் நான். பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று சொல்லி விட்டுவிட்டேன்.

சத்தமே சரியில்லை. வெற்றுத் தகரத்தில் ஈரத்துணி விழுந்தாற்போல ஒரு சத்தம். மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. நண்பர் வந்து மண்ணில் குத்திக் கிடந்த அம்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். பச்சை நிறத்தில் அரைத்த புல். குடலில் பட்டிருக்கிறது. "இப்போது துரத்தாதே. விட்டால் கிட்டத்தில் படுக்கும். துரத்தினால் இரவெல்லாம் ஓடும். காலையில் போவோம்" என்றார். குடலில் அடிபட்ட மான் தண்ணீரைத் தேடிப் போகும் என்றும் சொன்னார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. சுபஹு தொழுததும் போனோம். இருநூறு மீற்றர் வரை துளித்துளியாக இரத்தம். பிறகு நாணல். பிறகு பீவர்கள் மரத்தை வெட்டி மறித்துக் கட்டிய ஒரு குட்டை. அதில் மிதந்துகொண்டிருந்தது.

நண்பர் என் தோளில் தட்டினார். அவருடைய கணக்கில் அது நல்ல முடிவு. தேடிய மான் கிடைத்துவிட்டது, இரவுக் குளிரில் இறைச்சி கெடவுமில்லை. என் கணக்கு வேறு. அதிய்யிப்னு ஹாத்திம் (ரழி) என்ற தோழர் வேட்டையில் ஈடுபாடு உள்ளவர். அவர் கேட்ட கேள்விகளுக்கு ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சொன்ன பதில்களில்தான் வேட்டைச் சட்டத்தின் பெரும்பகுதி இருக்கிறது. அம்பின் கூர் கிழித்தால் ஆகும். அதன் தண்டு பக்கவாட்டில் மோதிச் செத்தால் ஆகாது. மறுநாள் கண்டெடுத்தாலும், உன் அம்பின் காயத்தைத் தவிர வேறொன்றும் அதில் இல்லையென்றால் உண்ணலாம். தண்ணீரில் விழுந்து கிடக்கக் கண்டால் உண்ணாதே. உன் அம்பு கொன்றதா தண்ணீர் கொன்றதா என்பது உனக்குத் தெரியாது. அம்பு உயிர்நிலையைத் தாக்கிக் காரியம் முடிந்த பிறகு தண்ணீரில் விழுந்திருந்தால் பேச்சு வேறு என்று உலமாக்கள் விளக்குவார்கள். என் அம்போ குடலில் பட்டது.

இதை நண்பருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இதைச் சொன்னவருக்கு வேட்டைக்காரன் மனசு தெரிந்திருக்கிறது" என்றார். வேட்டை இறைச்சியை வீணே அழுக விடுவது அங்கே குற்றம். அந்தப் பருவத்துக்குரிய என் சீட்டை அந்த மானுக்கே செலவிட்டேன். இறைச்சியை நண்பர் எடுத்துக்கொண்டார். நான் காசு வாங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஊருக்கு டெலிபோன் எடுத்தேன். வாப்பாவுக்கு அப்போது கிளொக்கோமா முற்றி இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டிருந்தது. இந்த நோயில் போன பார்வை திரும்புவதில்லை. காக்காதான் டெலிபோனைப் பிடித்துக் காதில் வைத்துவிடுவார். நான் வேட்டைக்குப் போவதை அதுவரை வாப்பாவிடம் சொன்னதில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவர் ஒன்றும் பேசவில்லை.

"நீ திண்டியா?"

"இல்ல வாப்பா."

"கண்ணாடி புகார் அடிச்ச எண்டு விடக்குள்ள தெரியுமா, விட்ட பொறகா?"

அவர் கேட்ட அந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

"விடக்குள்ளயே தெரியும் வாப்பா."

நீண்ட நேரம் கோட்டில் இரைச்சல் மட்டும். பிறகு சொன்னார்:

"அந்த எருமக் கண்டு... தெரியாமச் சுட்டன் எண்டுதான் ஊருக்குச் சொன்ன நான். எனக்கு வடிவாத் தெரியல்ல எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சுட்ட."

இருபத்தேழு வருடம் அவர் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை எனக்குச் சொன்னார். கண்ணாடிக்காரனுக்குச் சொன்னார். 2009இல் அவர் மௌத்தானார்.

மின்ஹாஜில் வேறொரு சட்டமும் உண்டு என்று பின்னாளில் படித்தேன். கல்லென்று நினைத்து ஒருவன் எய்ய, அது வேட்டைப் பிராணியாக இருந்து செத்தால், உண்ணலாம். பிழையாகக் கண்டவனைச் சட்டம் இவ்வளவு தாராளமாக மன்னிக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. அந்த மனிதன் தான் கண்டதை நம்பினான். வாப்பாவும் நானும் தாங்கள் காணவில்லை என்பதை அறிந்திருந்தோம்.

அதன் பிறகு கொன்டக்ட் லென்ஸுக்கு மாறினேன். கருவிழியின் மேலேயே அமர்ந்திருப்பதால் கண் திரும்பும் பக்கம் அதுவும் திரும்பும். மூலையால் பார்க்கும் தொல்லை இல்லை. புகார் படியாது, நாண் தட்டாது, மின்னாது. ஆனால் அதற்கும் தனி அதபுகள் உண்டு. அசையாமல் உற்றுப் பார்க்கும்போது மனிதன் இமைக்க மறந்துவிடுகிறான். குளிர் காற்றில் லென்ஸ் காய்ந்து பார்வை மங்கும். இழுப்பதற்கு முன் இரண்டுமுறை நன்றாக இமைக்கப் பழகினேன். அதைப் போட்டுக்கொண்டு காட்டில் தூங்கக் கூடாது. கருவிழியில் கிருமி தொற்றும். குழாய்த் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ அதில் படக் கூடாது. தண்ணீரில் வாழும் அக்கந்தமீபா என்ற நுண்ணுயிர் கண்ணைக் குருடாக்கவும் கூடும். ஒழுவில் கண்ணின் உட்புறத்தைக் கழுவக் கடமையில்லை என்பதால் லென்ஸைக் கழற்றாமலே, கண்ணை இறுக மூடிக்கொண்டு முகம் கழுவுவேன். உதிரியாக ஒரு சோடி லென்ஸும் பழைய கண்ணாடியும் எப்போதும் பையில் இருக்கும்.

கண் அவ்வளவு அவசியமில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. தென் கொரியாவின் இம் டொங்-ஹியுன் இரண்டு கண்ணிலும் பார்வை மிகக் குறைந்தவர்; கண்ணாடியோ லென்ஸோ போடாமல் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 720க்கு 699 புள்ளி எடுத்து உலக சாதனை செய்தார். எழுபது மீற்றரில் வளையங்கள் அவருக்குக் கலங்கிய நிறங்களாகத்தான் தெரிந்தன. நடுவில் மஞ்சள், அவ்வளவு போதும். நண்பர் இந்தச் செய்தியைக் காட்டி என்னைக் கேலி செய்தார். அந்த வில்லாளியை நான் மதிக்கிறேன். ஆனால் இலக்குப் பலகை தவறிய அம்போடு ஓடிப்போய் இரவெல்லாம் குட்டையில் கிடப்பதில்லை.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. தூரப் பார்வைக்கு லென்ஸ் சரியாக இருந்தாலும் கைநீளத்தில் இருக்கும் பின் மங்கும். நாற்பதுக்குப் பிறகு எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து. பீப்பின் துளையைச் சிறிதாக்கினால் இரண்டும் தெளியும். ஆனால் துளை சிறுத்தால் வெளிச்சமும் குறையும். அந்தி நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஒன்றை வாங்க மற்றதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு தூரத்தைக் கொடுத்தேன். இருபது மீற்றருக்கு அப்பால் இப்போது இழுப்பதில்லை.

அல்லாஹ்வின் பாதையில் முதல் அம்பை எய்தவர் ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரழி). முதுமையில் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. துஆ ஏற்கப்படுபவராக இருந்தும் தன் பார்வைக்காக அவர் கேட்கவில்லை, இறைவனின் முடிவைத் தன் கண்ணைவிடப் பெரிதாகக் கொண்டார் என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. நான் கேட்கிறேன். கண்ணுக்காகவும், கண் தெரியாதபோது தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ளும் மனதுக்காகவும்.

சென்ற பருவத்தின் கடைசி நாட்களில் ஒரு மாலை. லென்ஸ் உறுத்தியதால் கழற்றிவிட்டுப் பழைய கண்ணாடியைப் போட்டிருந்தேன். பதினைந்து மீற்றரில் ஆண் மான் ஒன்று, நல்ல கொம்புடன். இழுத்தேன். துளைக்குள் பின் தெரிந்தது, மானும் தெரிந்தது. தோளின் மேலே ஒரு கீறல். மரக்கிளையா, கண்ணாடியில் விழுந்த கோடா? முகத்தைச் சற்றுத் திருப்பினேன். கீறல் கூடவே நகர்ந்தாற்போலவும் இருந்தது, நகராதது போலவும் இருந்தது.

மெல்லத் தளர்த்தினேன். மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டது. கீழே இறங்கி, சருகை ஒதுக்கி மஃரிப் தொழுதேன். ஸுஜூதில் மூக்கை இடிக்காதிருக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஸலாம் கொடுத்த பிறகு அதை எடுத்து, மேலே மீந்திருந்த வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். வலது வில்லையில் கோடு ஏதும் இல்லை. அது கிளைதான்.